பழைய எஞ்சின்கள்: வடசென்னைக் குறிப்புகள்

டெல்லியின் பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மிக்-21 முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கப் போனது வாபிடியை. வெஸ்ட்லேண்ட் கம்பெனி செய்த இரட்டை இறக்கை விமானம். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் தாங்குகட்டைகளும் இழுத்துக் கட்டிய கம்பிகளும். மூடியில்லாத இரண்டு இருக்கைகள்: முன்னால் ஓட்டுபவர், பின்னால் துப்பாக்கிக்காரர். மூக்கில் வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள். இந்த ரகத்தில் உலகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது அதன் கையில் இருந்தவை நான்கு வாபிடிகள். ‘ஹவாய் சிப்பாய்’ என்று அழைக்கப்பட்ட நம் ஆட்கள் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டது இந்த எஞ்சினில்தான்.

திருவொற்றியூர்க்காரனுக்கு வாபிடியிடம் என்ன வேலை? 1939-இல் போர் மூண்டதும் கடலோரக் காவலுக்கென்று தன்னார்வலர் படையில் தனிப் பிரிவுகள் அமைத்தார்கள். அவற்றில் முதல் பிரிவு சென்னைக்கு. பரங்கிமலையிலிருந்து வாபிடிகள் கிளம்பி, துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களுக்குமேல் சுற்றிக் காவல் காத்தன. ஓட்டியவர்களில் பலர் அதுவரை பயணிகள் விமானமோ, பறக்கும் சங்கத்து விமானமோ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒற்றை எஞ்சின், துணி போர்த்திய இறக்கை, கீழே ஆழ்கடல். அதில் ஏறிப் போனவர்களின் துணிச்சலை அந்த விமானத்தின் பக்கத்தில் நின்றால்தான் உணர முடிகிறது. புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அப்போது இருந்தவர்களுக்குக் கடலிலிருந்து ஆபத்து வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் 1939-இல் நடுவயதில் இருந்திருப்பார்கள்.

*

அதே வளாகத்தில் லிபரேட்டர். நான்கு எஞ்சின் வைத்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இதன் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

போர் முடிந்தது. கடனாக வாங்கிய விமானங்களை அமெரிக்காவுக்குத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கான்பூரில் வரிசையாக நின்ற லிபரேட்டர்களை உபயோகத்துக்கு ஆகாமல் செய்துவிட்டு பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பினார்கள். எஞ்சினுக்குள் மணல் போட்டார்கள். கருவிகளை உடைத்தார்கள். உடம்பை நசுக்கினார்கள். இனி இவை பறக்காது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். ஒன்றின் பாகத்தை எடுத்து மற்றொன்றில் மாட்டி, ஓட்டைகளுக்குத் தகடு அடித்து, பறக்கிற அளவுக்கு மட்டும் சரிசெய்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே முழுதாகப் பிரித்து முறையாகக் கட்டினார்கள். இப்படிச் சுமார் 40 விமானங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படை இப்படித்தான் அமைந்தது. 1968 வரை அவை பறந்தன. பிற நாடுகளில் இந்த ரகம் அதற்கு எவ்வளவோ முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆகவே உலகத்தின் பெரிய விமான மியூசியங்களுக்கு லிபரேட்டர் வேண்டியிருந்தபோது இந்தியாவைத்தான் கேட்டார்கள். லண்டன் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் இருப்பதும், அமெரிக்காவில் அரிசோனா பீமா மியூசியத்தில் இருப்பதும் நம் விமானப்படையில் ஓடியவை.

லிபரேட்டரைச் சுற்றி வரும்போது உடம்பின் மேல் உள்ள ஆணிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கான்பூரில் எந்த ஆணி, பெங்களூரில் எந்த ஆணி என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவற்றை அடித்த கைகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படிப்பட்ட கைகள் இருந்தன. லேத்துக்காரர், ஃபிட்டர், வெல்டர், மோல்டர்.

ஓட்டியவர்களின் பெயரும் பதக்கமும் அருங்காட்சியகங்களுக்குள் வந்துவிடுகின்றன. நியாயம்தான். சரிசெய்தவர்களின் பெயர் எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் சுலபமாக வருவதில்லை. நான் ஊர் ஊராகப் பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் இந்தக் குறை மனதில் நிற்கிறது. இந்தக் குறிப்புகள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

*

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம், 2015-இல் திறந்தது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம். கார்களைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் இருக்கும் மனிதர். சிறு வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோயம்புத்தூர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து பணம் சேர்த்தார். வாங்கியதும் செய்த முதல் வேலை அக்கக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ். பிறகு யு.எம்.எஸ். என்ற பெரும் பஸ் நிறுவனம்.

பிரித்துப் பார்த்தவரின் குடும்பம் சேர்த்துவைத்த வண்டிகள் என்பதால் அங்கே ஒரு தனி ஒழுங்கு இருக்கிறது. இந்த எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது, அந்த வண்டிக்கு ஏன் மூன்றே சக்கரம் என்று கேட்டபடியே நடக்க வைக்கிறது. பளபளப்பை மட்டும் காட்டும் கார் கண்காட்சிகள் எனக்கு வேண்டாம்.

*

இனி நம்ம ஊர்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை. தேரடி தாண்டி நடந்தால் என்ஃபீல்டு கம்பெனி. ஒரு பக்கம் தியாகராஜ சுவாமி கோயில், வடிவுடையம்மன், கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. இன்னொரு பக்கம் ஆலை மதில். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் வளர்ந்தோம்.

சுந்தரம் ஐயர் என்பவர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து சுற்ற இராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்டர் பெரிது. இங்கேயே செய்துவிடலாம் என்று 1955-இல் இங்கிலாந்து ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதலில் பெட்டி பெட்டியாக உதிரிபாகங்கள் கப்பலில் வந்து இறங்கின. துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், திருவொற்றியூரில் பூட்டினார்கள். சில வருடங்களில் பாகங்களையும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வியப்பு. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது. அங்கே புல்லட் அருங்காட்சியகப் பொருள் ஆனது. இங்கே அதே வண்டி, அதே 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் வீச்சு, வார்ப்பிரும்பு சிலிண்டர், தினசரி ஷிஃப்டில் வெளியே வந்துகொண்டிருந்தது. 1977-இல் திருவொற்றியூரிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி. வாங்கியவர்கள் தங்கள் அப்பா காலத்து வண்டியைப் புதிதாக வாங்கினார்கள். வாழ்கிற அருங்காட்சியகம் என்று ஒன்றைச் சொல்வதானால் அந்த ஆண்டுகளின் திருவொற்றியூரைத்தான் நான் சொல்வேன். அங்கே வேலை செய்தவர்கள் யாரும் தங்களை அப்படி நினைத்துக்கொண்டதில்லை. அவர்களுக்கு அது கம்பெனி, சம்பளம், போனஸ், சங்கம், ஸ்ட்ரைக்.

1994-இல் ஐஷர் கைக்குப் போனது. பிறகு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2009-ஐ ஒட்டி நின்றது.

*

அந்தப் பழைய புல்லட்டைக் கிளப்புவது எப்படி என்று எழுதிவைக்கிறேன். பட்டனை அழுத்திப் பழகிய பிள்ளைகளுக்கு இது இனிமேல் யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த ரிட்டையர்டு ஃபிட்டர்.

“சாவியைப் போட்டுட்டு மீட்டரைப் பாரு தம்பி. ஸ்பீடா மீட்டர் இல்ல, பக்கத்துல சின்னதா இருக்கு பாரு, ஆம்பியர் மீட்டர், அது. கிக்கரை மெதுவா அமுக்கு. முள்ளு இடது பக்கம் சாயும். அமுக்கிட்டே வா. நடுவுக்கு வந்து நிக்குதா? அங்கேயே நிறுத்து.”

முள் நடுவுக்கு வருவதன் பொருள்: பாயிண்ட் திறந்துகொண்டது, மின்சாரம் ஓடவில்லை. பிஸ்டன் ஏறக்குறைய உச்சியில் அழுத்தத்துக்கு எதிராக நிற்கிறது. அந்த நேரத்தில் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். முழங்கால் போகும். ஆகவே இடது கைப்பிடியின் கீழே இருக்கும் டிகம்ப்ரஸர் லீவரை இழுத்து, சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியேவிட்டு, கிக்கரை ஒரு நூல் கீழே தள்ள வேண்டும். லீவரை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வரவிட வேண்டும். அப்புறம் உடம்பின் முழு எடையையும் போட்டு ஒரே உதை.

“அடிக்காதே. தள்ளு. கடைசி வரைக்கும் கால் போகணும்.”

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய வண்டி ஓட்டுகிறவர்கள் ஏறினால் கால்கள் குழம்பிவிடும். முதல் கியர் தவிர எந்த கியரில் இருந்தாலும் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் நியூட்ரலுக்கு வந்துவிட தனியாக ஒரு லீவர்.

ஒரு பெரிய ஒற்றைச் சிலிண்டரை மனிதக் கால் ஒன்று கிளப்புவதற்குள் இயற்பியல் பாடம் முழுவதும் இருக்கிறது. அழுத்தம், மின்சுற்று, வால்வு, சுழற்சி. பிள்ளைகளை அழைத்துவந்து ஒரு புல்லட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னால் போதும். கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திய நூறு வண்டிகள் தராத அறிவை அது தந்துவிடும்.

*

பெட்ரோல் டாங்க் மேல் தங்கக் கோடு. பல பத்தாண்டுகளாகத் திருவொற்றியூரில் அதைக் கையால்தான் போட்டார்கள். அளவுகோல் கிடையாது, ஒட்டுத்தாள் கிடையாது. நீண்ட மயிர் கொண்ட தூரிகையைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டாங்கின் வளைவோடு ஒரே இழுப்பு. கூர்ந்து பார்த்தால் இரண்டு வண்டிகளின் கோடு ஒன்றாக இராது. பழைய புல்லட் ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தக் கோட்டை.

*

சின்னக் குறிப்பு. ராயல் என்ஃபீல்டுக்கும் விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் வைத்து பாராசூட்டில் கட்டி விமானத்திலிருந்து போட்டார்கள். இறங்கிய சிப்பாய் கூண்டைப் பிரித்து ஏறிக்கொண்டு போவார். ஃப்ளையிங் ஃப்ளீ, பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று பெயர். ஒரு ஜெர்மன் வண்டியின் வடிவத்தைப் பார்த்துச் செய்தது, அதே ஜெர்மானியருக்கு எதிராக 1944-இல் ஆர்னெம் சண்டை வரை போனது. 2024-இல் கம்பெனி தன் மின்சார வண்டிகளுக்கு இந்தப் பெயரையே வைத்திருக்கிறது.

*

எண்ணூர். லேலண்டு.

1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். முதலில் ஆஸ்டின் ஏ-40 கார் பூட்டினார்கள். நாட்டுக்குக் காரைவிட லாரிதான் அவசரம் என்ற எண்ணம் அன்றைக்கு ஓங்கியிருந்தது. இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் ஆயிற்று. காமெட் லாரிகள் வந்தன. 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. 1967-இல் டைட்டன் என்ற மாடி பஸ். 1970-இல் இராணுவத்துக்கென்று ஹிப்போ. பிறகு ஸ்டாலியன். இன்று சியாச்சின் அடிவாரத்திலும் ராஜஸ்தான் மணலிலும் சாமான் ஏற்றிப் போகும் இராணுவ லாரிகளில் பெரும்பங்கு லேலண்டு.

மாடி பஸ்ஸை நினைவில் வைத்திருப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். மேல்மாடி முன் சீட்டில் உட்கார்ந்து மரக்கிளைகள் கண்ணாடியை உரசிக்கொண்டு போக, நகரத்தையே முதன்முதலாக உயரத்திலிருந்து பார்த்தவர்கள். ஒரு டைட்டனையும் பழைய காமெட் ஒன்றையும் எண்ணூர்ப் பக்கமே நிறுத்திவைத்தால் அதைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேருக்கு அதைச் செய்தவர்கள் யாராவது உறவாக இருப்பார்கள். எந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு அந்தப் பாக்கியம் உண்டு?

*

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், காலை. விசைப்படகின் பின்பகுதியில் பலகையைத் தூக்கிவிட்டு ஒருவர் இடுப்பளவு உள்ளே இறங்கியிருந்தார். உள்ளே லேலண்டு எஞ்சின். சாலையில் லாரியை இழுக்கும் அதே குடும்பத்து டீசல் எஞ்சின் கடலில் வலை இழுக்கிறது. காற்றில் குளிரும் ரேடியேட்டர் இங்கே உதவாது, கடல்நீரை வைத்தே சூட்டைத் தணிக்கிறார்கள். அந்த உப்பு எஞ்சினைத் தின்னாமலிருக்க வேறு ஏற்பாடு. கியர் பெட்டியும் வேறு. இதையெல்லாம் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளில் தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

“எத்தினி வருசமாண்ணே ஓடுது?” என்று கேட்டேன்.

“எங்கப்பா வாங்குனது. கிராங்க் மட்டும் மாத்துனோம்.”

எண்ணூரில் வார்த்த இரும்பு, காசிமேட்டில் கடலுக்குப் போய், இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. லாரியாக இருந்தால் எப்போதோ உடைத்திருப்பார்கள்.

*

சோழவரம். இந்தப் பகுதியின் கதைகளிலேயே எனக்கு மிக நெருக்கமானது இது. பழைய வண்டியும் போர் விமானமும் ஒரே தரையில் ஓடிய இடம்.

செங்குன்றம் தாண்டி கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் வரும் ஊர். இரண்டாம் உலகப் போரில் இங்கே ஓடுதளம் போட்டார்கள். பர்மா போயிற்று, சிங்கப்பூர் போயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பற்படை வங்கக் கடலுக்குள் வந்து கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு போட்டது. சென்னை காலியானது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக்கொன்றார்கள். அந்தக் காலத்தின் தேவைக்குப் பிறந்த ஓடுதளங்களில் ஒன்றுதான் சோழவரம்.

போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்ட சமமான தளம் மிஞ்சியது. 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு அது கிடைத்தது. அடுத்த முப்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரம். கோண்டல் மகாராஜா வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்தார். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஓட்டினார். கோயம்புத்தூர் கரிவர்தன் தானே வடிவமைத்த கார்களோடு வந்தார். நாராயண் கார்த்திகேயனுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் வழி போட்டவர் அவர்தான். ஓடுதளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்வதால் பாதை ஆங்கில டி எழுத்து வடிவம். நேர்க்கோட்டில் முழு வேகம், முனையில் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டும். பிரேக் நன்றாக இல்லாத வண்டி முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

மேட்டுக்குடி விளையாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஓட்டியவர்களை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் சோழவரத்துக்கு வண்டி தயார் செய்தவர்கள் சென்னையின் மெக்கானிக்குகள். சிலிண்டர் தலையைத் தேய்த்து அழுத்தத்தைக் கூட்டுவது, காம் ஷாஃப்டின் மூக்கை மாற்றிக் கடைவது, சைலன்ஸர் குழாயின் நீளத்தை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்ப்பது. புத்தகம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. காதும் விரலும்தான். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் புல்லட்டும் உண்டு. ஷிஃப்ட் முடிந்து, பஸ் பிடித்து, வேலியோரம் நின்று பார்த்த கூட்டத்தில் என்ஃபீல்டு ஆட்களும் லேலண்டு ஆட்களும் இருந்தார்கள். தாங்கள் செய்த வண்டி ஓடுவதை அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்துவிட்டது. சோழவரம் அடங்கிவிட்டது.

*

சோழவரத்துக்குப் பக்கத்திலேயே புழல் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர். 1942 முதல் போர் முடியும் வரை இந்த ஏரியின் மேல் ராயல் ஏர்ஃபோர்ஸின் கேட்டலினா விமானங்கள் இறங்கி ஏறின. 240-ஆவது ஸ்குவாட்ரனின் முகாம் இது. பிற்பாடு சண்டர்லாண்ட் விமானங்களும் வந்தன.

கேட்டலினா தண்ணீரில் மிதக்கும் விமானம். அடிப்பாகம் படகு. இறக்கை உடம்புக்கு மேலே தூண் வைத்து நிறுத்தியது போல் உயரத்தில், நீர்த்துளி எஞ்சினில் படாமலிருக்க. இறக்கை நுனியில் மிதவைகள், மேலே போனதும் மடங்கிக்கொள்ளும். வேகம் குறைவு, பொறுமை அதிகம். ஒரே மூச்சில் 20 மணி நேரத்துக்கு மேல் கடல்மேல் சுற்றும். வயிற்றின் இரு பக்கமும் கண்ணாடிக் குமிழ்கள், அவற்றுக்குள் உட்கார்ந்து அடிவானத்தை நோக்கிக்கொண்டே இருப்பார்கள்.

இலங்கைக்கு இது நன்றாகவே தெரியும். 1942 ஏப்ரல் 4 அன்று காலி அருகே கொக்கல வாவியிலிருந்து கிளம்பிய கேட்டலினாதான் ஜப்பான் கப்பற்படை வருவதைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. ஓட்டியவர் கனடாக்காரரான பிர்ச்சால். செய்தியை அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தினார்கள். அவர் கைதியாகி உயிர் பிழைத்தார். மறுநாள் கொழும்பு தயாராக இருந்தது.

புழல் கரையில் நிற்கிறவனுக்கு இதைச் சொல்ல ஒரு பலகை போதும். கரையோரம் மாலையில் உலாவ வரும் குடும்பங்கள் அதைப் படித்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

*

விமானம் பற்றி இன்னொன்று. 1910 மார்ச்சில், ஓட்டல் நடத்திவந்த டாஞ்சலிஸ் என்பவர் தன் சொந்த வடிவமைப்பில் ஒரு விமானத்தைச் செய்து சென்னையில் பறக்கவிட்டார். அதைக் கட்டிக்கொடுத்தது மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி, அதுவரை கோச்சு வண்டி செய்துகொண்டிருந்தவர்கள். அதே சிம்சன் பட்டறையில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் செய்தார். ரைட் சகோதரர்கள் முதலில் பறந்து ஏழு வருடம்கூட ஆகாத காலத்தில் சென்னைத் தச்சரும் கொல்லரும் விமானம் கட்டியிருக்கிறார்கள்.

*

கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் மாருத் ஒன்று நிற்கிறது. எச்.எஃப்.-24. ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்து 1961 ஜூனில் பறந்த போர் ஜெட். 147 செய்தார்கள். வடிவம் அத்தனை அழகு. அதற்கேற்ற பலமான எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்தக் குறையோடுதான் 1971-இல் லோங்கேவாலாவில் சண்டை போட்டது. சென்னைப் பிள்ளைகள் போர் விமானத்தை ஆற அமரப் பார்க்க இது நல்ல இடம். அழைத்துப் போங்கள்.

*

உப்புக்காற்று. வடசென்னையில் அருங்காட்சியகம் வைப்பதைப் பற்றிப் பேசினால் முதலில் இதைத்தான் பேச வேண்டும். எண்ணூரில் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம். இரும்பு துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். விமானத்தின் அலுமினியத் தகடு வேறு மாதிரி அழியும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், ஆணித் தலையைச் சுற்றி, உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து வெள்ளை மாவாகக் கிளம்பும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். பீடத்தின் மேல் திறந்தவெளியில் நிறுத்திய விமானங்கள் கடலோர ஊர்களில் அப்படித்தான் போகின்றன. ஆகவே கூரை வேண்டும், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும், தகட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் சம்பளத்துக்கு வேண்டும். திறப்பு விழாவுக்கு ஆகும் செலவைவிட இந்த ஆளின் சம்பளத்தைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

*

இடம்? ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பி வாலாஜா ரோடு வரை போனது அங்கிருந்துதான். பம்பாயிலும் தாணாவிலும் இருந்த ஆதி நிலையங்கள் அழிந்துவிட்டன, இந்தக் கட்டிடம் நிற்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் ரயில்வே அருங்காட்சியகம் 2002 முதல் நன்றாகவே நடக்கிறது. சக்கரம் உள்ள மற்றவற்றுக்கு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஓர் ஆலைக் கொட்டகை போதும். மூடிப்போன ஆலைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இப்போது ரயில், மெட்ரோ நிலையங்களில் நிற்கிறது.

என்னென்ன வைக்கலாம் என்று அந்த ஃபிட்டர் அண்ணனோடு உட்கார்ந்து பேசினேன். என் பட்டியல்: 1950-களின் புல்லட் ஒன்று, காமெட் லாரி, டைட்டன் பஸ், காசிமேட்டு எஞ்சின், சோழவரத்தில் ஓடிய பந்தயக் கார், விமானப்படை தருமானால் ஒரு நாட் அல்லது மாருத் போர் விமானம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வண்டி எல்லாம் சரி. ஜிக், ஃபிக்ஸ்சர் எல்லாம் எங்க வெப்பே?” என்றார்.

ஜிக் என்பது துளை போடும் கருவியைச் சரியான இடத்துக்கு வழிநடத்துவது. ஃபிக்ஸ்சர் பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்வது. ஆயிரம் கிராங்க்கேஸ்களிலும் துளை ஒரே இடத்தில் விழுவது இவற்றால்தான். மாடல் மாறியதும் முதலில் எடைக்குப் போவதும் இவைதான். இவற்றோடு அவர் சேர்க்கச் சொன்னவை: வார்ப்பு அச்சு செய்வதற்கான மர மாதிரிகள், அவற்றைச் செதுக்கிய தச்சர்களின் உளிகள், வரைபடச் சுருள்கள், அப்ரண்டிஸ்கள் பயிற்சியில் அரத்தால் ராவிச் செய்த முதல் இரும்புக் கனசதுரம், டைம் ஆபீஸ் பஞ்ச் கார்டு இயந்திரம், கேன்டீன் டோக்கன்.

அவரிடம் அந்தக் கனசதுரம் இன்னும் இருக்கிறது. ஆறு பக்கமும் ராவியது, மட்டப்பலகையில் வைத்தால் ஒளி புகாது. வயர் பிரஷும் எண்ணெயும் போட்டு எடுத்துவைப்பதாகச் சொன்னார். அவரோடு ஒரே பேட்சில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்களில் எண்ணூரிலும் காலடிப்பேட்டையிலும் இருப்பவர்களின் வீடுகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப் போகிறார். ஒருவர் வீட்டில் ரெட்டிச்சிலிருந்து வந்த பெட்டிப் பலகை கட்டிலாக இருக்கிறதாம்.